இருநூற்றுப் பன்னிரண்டு முறை இறங்கியவள்

குதிரை ஆபீஸ் எங்கே என்று கேட்டால் ஊரில் யாரும் வழி சொல்வார்கள். அங்கே குதிரை ஏறியவர் யாராவது உண்டா என்று கேட்டால்தான் மோவாயைச் சொறிவார்கள்.

அதன் முழுப்பெயர் உடல் ஊனமுற்றோர்க்கான தகவமைப்புக் குதிரையேற்ற மறுவாழ்வு நிலையம். பெயர்ப்பலகை வாசலில் தொடங்கி, இடம் போதாமல் சுவர் முக்கில் திரும்பி, வாட்ச்மேன் கூண்டுக்கு மேலே வந்துதான் முடியும். ஊழியர் பதினொரு பேர், குதிரை ஒன்று. குதிரைக்கு முன்னால் கயிறு பிடித்து நடக்க ஒருவர், இடப்பக்கம் நடக்க ஒருவர், வலப்பக்கம் நடக்க ஒருவர், இந்த மூவரும் நடந்தார்களா என்று பார்க்க ஒருவர். மீதி ஏழு பேரில் ஒருவர் இயக்குநர், ஒருவர் மாஸ்டர், ஒருவர் வாட்ச்மேன், மற்றவர்கள் எழுதுகிறவர்கள். குதிரையை யாரும் குதிரை என்று சொல்வதில்லை. ஐயா என்பார்கள். "ஐயா சாப்பிட்டாச்சா?" "ஐயா இன்னைக்குக் கொஞ்சம் டல்லா இருக்காரு." "ஐயா தூங்கற நேரம், செருப்பைத் தேய்க்காம நடங்க." ஐயா நல்ல வெள்ளை. எட்டு வருஷமாக முதுகில் ஈயைத் தவிர எதையும் சுமக்காததால், வயிறு தரையைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்துக்குத்தான் காஜாக்கா ஆசைப்பட்டு வந்தாள்.

காஜாக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு, கைகளை மட்டும் விட்டுவிட்டுப் போனது. அந்தக் கைகளால் அவள் கடைவீதித் தையல்கடை ஒன்றில் சட்டைக்குக் காஜா எடுத்தாள். பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி நூலால் கட்டுகிற வேலை. மெஷின் காஜா ஆறு மாதத்தில் பிரிந்து பல்லிளிக்கும். இவள் கைக்காஜா, சட்டை கிழிந்து கரித்துணியான பிறகும் கட்டுக்குலையாமல் இருக்கும். கடையில் வைத்த பெயர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

அவளை வீட்டிலிருந்து கடைக்குக் கொண்டுபோனது நலத்துறை கொடுத்த சக்கர நாற்காலி. அதற்கு முன்னால் தம்பி முதுகில் போவாள். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்கு வேலை இல்லை. தம்பிக்குக் கோபம் என்றாலும் வேலை இல்லை. நாற்காலி வந்த இந்த ஏழு வருஷமாகத்தான் அவள் யார் முகத்தையும் பார்த்துக் காத்திராமல், நினைத்த நேரத்துக்குக் கிளம்பி நினைத்த நேரத்துக்குத் திரும்பினாள். நாற்காலி மெத்தைக்கு அவளே உறை தைத்து, நான்கு மூலையிலும் சிவப்பு நூலில் காஜா எடுத்துப் பொத்தான் போட்டிருந்தாள். அதைத் தவிர அவளுக்கென்று சொல்லிக்கொள்ள உலகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இடுப்பு வலிக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண்தான் முதலில் பேச்சை எடுத்தாள். "குதிரை நடக்கறப்போ மேல உக்கார்ந்திருக்கறவங்க இடுப்பு, நடக்கறவங்க இடுப்பு மாதிரியே அசையும்க்கா. கால் வேலை செய்யலைன்னு இடுப்புக்குத் தெரியாது. நாம நடக்கறோம்னே நெனச்சுக்கும்."

அன்றைக்குக் காஜாக்கா நான்கு சட்டைகளில் தப்பான இடத்தில் காஜா எடுத்தாள். நடந்த ஞாபகமே அவளுக்குக் கிடையாது. நடப்பது எப்படி இருக்கும் என்று யாரைக் கேட்டாலும், "நடக்கறது நடக்கற மாதிரிதான் இருக்கும்" என்பார்கள். தனக்குத் தெரியாவிட்டாலும் தன் இடுப்புக்காவது ஒரு தடவை தெரியட்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"அதோட, எல்லாரையும் அண்ணாந்து பார்த்தே கழுத்து போச்சுடா" என்றாள் தம்பியிடம். "ஒரே ஒரு தடவை மேலேருந்து உங்க மூஞ்சியெல்லாம் பார்க்கணும்."

"மண் குதிரையை நம்பி ஆத்துல இறங்காதீங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

"இது மண் குதிரை இல்லடி, நெஜக் குதிரை."

"ஆபீஸ்காரங்க வெச்சிருக்கறதுன்னா மண் குதிரையே தேவலை."

தம்பி சரக்கு வண்டி ஓட்டுகிறவன். வண்டியில் அக்காவையும் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போனான். இயக்குநர் அறை பதினெட்டுப் படிக்கு மேலே. படிக்குப் பக்கத்திலேயே ரப்பர் விரித்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, வழவழவென்று ஒரு சாய்வுப் பாதை இருந்தது. பரவாயில்லையே, யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று தம்பி நாற்காலியை அதில் திருப்பினான். வாட்ச்மேன் விசில் ஊதினார்.

"ஏம்பா, போர்டைப் பார்க்கலியா? 'ஐயாவுக்கு மட்டும்'னு போட்டிருக்கு."

"குதிரைக்கு மேல என்னங்க வேலை?"

"மாசத்துக்கு ஒரு தடவை மேல போயி, உயிரோட இருக்கேன்னு ஆபீசர் முன்னால நிக்கணும்ல. படியில ஏத்தினா ஐயாவுக்கு முட்டி போயிடும்."

"அப்ப எங்கக்கா?"

வாட்ச்மேன் காஜாக்காவின் காலைக் குனிந்து பார்த்தார். "அம்மாவுக்குத்தான் ஏற்கனவே போயிடுச்சே. இனிமே போறதுக்கு என்ன இருக்கு?"

அவர் குத்திச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். குதிரைக்கு எதற்குக் கைப்பிடி என்று கேட்க வாயெடுத்த தம்பி, அதை விழுங்கிவிட்டு அக்காவை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறினான்.

இயக்குநர் மேஜையில் லாடம் ஒன்றைத் தாளின்மேல் பாரமாக வைத்திருந்தார். படிவத்தை எடுத்தார்.

"நடக்க முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. சரி. எவ்வளவு தூரம் நடக்க முடியாது?"

"கொஞ்சங்கூட நடக்க முடியாது சார்."

"கொஞ்சங்கூடன்னு இதுல கட்டம் இல்லம்மா. பத்தடி, அம்பதடி, நூறடி. நூறடி முடியாதுன்னு போட்டா, தொண்ணூத்தொம்பது நடப்பீங்கன்னு ஆயிடும். பத்தடி முடியாதுன்னு போடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அப்படியாக 'ஒன்பது அடி நடப்பார்' என்று படிவத்தில் ஏறியது. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு காஜாக்கா நடந்த தூரம் அந்த ஒன்பது அடிதான். அதுவும் தாளில்.

"எப்ப சார் குதிரை ஏத்துவீங்க?"

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். இந்தக் கேள்விக்காகவே அவரைப் பெற்றுப் போட்டதுபோல் முகம் மலர்ந்தது.

"பாருங்கம்மா. வெளியில எல்லாரும் என்ன நெனக்கறாங்க? நாங்க ஊனமுற்றவங்களுக்காக இருக்கோம்னு. ஊனமுற்றவங்க வருவாங்க, போவாங்க. நிலையம் நிக்கணும். நிலையம் நிக்கணும்னா ஐயா நல்லா இருக்கணும். ஐயா நல்லா இருக்கணும்னா கண்டவங்க மேல ஏறக்கூடாது. எட்டு வருஷத்துல இங்க ஒரு விபத்து உண்டா? கெடையாது! எங்கெங்கிருந்தோ வந்து பார்த்துட்டு, எப்படி சார் இதுன்னு வாயைப் பொளந்தாங்க. எல்லாம் கட்டுப்பாடுன்னு சொன்னேன். நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. முதல்ல ஐயா சம்மதிக்கணும்."

ஐயாவின் சம்மதம் என்பது ஐயா வந்து மோந்து பார்ப்பது. முதல் வாரம் ஐயா காஜாக்காவை மோந்துவிட்டுத் தும்மினார். 'யோசிக்கிறார்' என்று எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் திரும்பி நின்று சாணி போட்டார். 'முடிவு ஒத்திவைப்பு.' மூன்றாம் வாரம், அவள் நாற்காலி மெத்தையின் ஒரு மூலையை, சிவப்புக் காஜாவோடும் பொத்தானோடும் சேர்த்துக் கடித்துத் தின்றுவிட்டார். நடக்கிற மூவரும் பார்க்கிற ஒருவரும் கை தட்டினார்கள். 'முழுமனதுடன் சம்மதம்.' காஜாக்காவுக்கு மெத்தை போன வருத்தத்தை மீறிச் சந்தோஷமாகத்தான் இருந்தது. குதிரையின் மூச்சு அவள் முழங்காலில் சூடாகப் பட்டிருந்தது. முழங்காலில் உணர்ச்சி இல்லாவிட்டாலும், சேலை அசைந்ததை வைத்துத் தெரிந்துகொண்டாள்.

பயிற்சி பக்கவாட்டு மைதானத்தில். அவளோடு சேர்ந்த இன்னொரு மாணவர், கண் போன ஒரு லாரி டிரைவர். பெரிய மீசை, வாய் நிறையப் பேச்சு. "இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டினேன் தங்கச்சி. வண்டி ஓட்டறவனுக்குக் கண்ணு போனா வண்டியும் போச்சு. குதிரைக்கு அதுக்கே கண்ணு இருக்கே! நாம சும்மா உக்கார்ந்தா போதும், அது பார்த்துப் போகும்" என்பார். அந்த ஊரிலேயே குதிரை விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

மாஸ்டருக்குக் குதிரைமுடி ஒத்துக்கொள்ளாது. இருபதடி தூரத்தில் ஐயா வந்தாலே மூக்கில் கைக்குட்டை ஏறிவிடும். அதனால் எட்டு வருஷமாக ஐயாவைத் தூரத்திலிருந்தே மரியாதையாக நேசித்து வந்தார். முதல் நாள் அவர் மைதானத்தின் நடுவில் ஒரு மரமேஜையைப் போடச் சொன்னார். ஐயாவின் முதுகு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம். கீழே மெல்லிசாக ஒரு பாய்.

"இன்னைக்கு முதல் பாடம். இறங்குதல்."

"ஏறாமலேயா மாஸ்டர்?" என்றாள் காஜாக்கா.

மாஸ்டர் கதையைச் சொன்னார். நிலையம் திறந்த புதிதில் ஒரு மாணவரை நேராகக் குதிரையில் ஏற்றிவிட்டார்கள். நன்றாகத்தான் ஓட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் இறக்குவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. இறக்குவதற்கு யார் பொறுப்பு என்று உத்தரவில் எழுதவில்லை. காலையில் ஏறியவர் மாலைவரை குதிரைமேலேயே இருந்தார், அங்கேயே சாப்பிட்டார். விசாரணைக் குழு உட்கார்ந்தது. இனிமேல் இறங்கக் கற்றுத் தேறாதவர் எவரும் ஏறக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து அங்கே எவரும் ஏறவில்லை.

"அவருக்கு எப்படி இருந்துச்சாம்? மேல இருந்தப்போ?"

"அதை விசாரணையில கேக்கலம்மா. இறங்கறதுதான் கலை. ஏறறதை எந்த முட்டாளும் செய்வான்."

இடப்பக்கம் நடப்பவரும் வலப்பக்கம் நடப்பவரும் காஜாக்காவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மேஜைமேல் வைப்பார்கள். மாஸ்டர் விசில் அடிப்பார். அவள் கையை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, பாயில் விழ வேண்டும். விழுந்ததும் மாஸ்டர் பெரிய பதிவேட்டைத் திறந்து தேதி போட்டு 'இறங்கினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். தூக்கி மேலே வைத்ததை எழுதுவதில்லை. அது பாடத்தில் சேராது.

முதல் மாதம் தோள்பட்டை வீங்கியது. இரண்டாம் மாதம் முன்பல் ஒன்று உடைந்தது. 'இறங்கினார்.' நான்காம் மாதம் மணிக்கட்டு சுளுக்கி ஒன்பது நாள் காஜா எடுக்க முடியவில்லை. கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். 'இறங்கினார்.' தம்பி மனைவி எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்: "ஏறாத குதிரை இப்படித் தள்ளிவிடுதே, ஏறினா என்ன பண்ணும் அண்ணி?"

"இன்னும் கொஞ்ச நாள்தான்டி. தேறிட்டா ஏத்திருவாங்க."

டிரைவர் கதையோ வேறு மாதிரி. மேஜையின் விளிம்பு எது என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு திசையில் விழுந்தார். ஒருமுறை மாஸ்டர் மேலேயே விழுந்தார். அந்த ஒன்று மட்டும் பதிவேட்டில் 'ஒழுங்கீனம்' என்று ஏறியது.

எட்டு மாதத்தில் காஜாக்கா இருநூற்றுப் பன்னிரண்டு தடவை இறங்கினாள். கடைசியில் மாஸ்டரே ஒப்புக்கொண்டார். "இந்த அம்மா மாதிரி அழகா விழறவங்களை நான் பார்த்ததில்ல. அடுத்த வாரம் ஏற்றம்."

அந்த வாரம் முழுக்கக் காஜாக்கா சரியாகத் தூங்கவில்லை. டிரைவர் மீசைக்கு மை போட்டுக்கொண்டு வந்தார். அன்று காலை பார்த்து ஐயா எழுந்திருக்கவில்லை.

எட்டு வருஷம் தின்றுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றதில் நான்கு குளம்பும் கெட்டுப்போயிருந்தன. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "தினம் யாரையாவது ஏத்திக்கிட்டு நடந்திருந்தா இது வந்திருக்காது" என்றார். அந்த வாக்கியத்தை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. 'பணியின்போது ஏற்பட்ட நிரந்தர ஊனம்' என்று எழுதினார்கள். காஜாக்காவுக்கு ஊனச் சான்றிதழ் கிடைக்க நான்கு வருஷம் ஆயிற்று. ஐயாவுக்கு மறுநாள் பதினொரு மணிக்குக் கிடைத்துவிட்டது. கூடவே, கீழே ஈரம் ஆகாது என்று இயக்குநர் அறைக்குப் பக்கத்திலேயே மேலே ஓர் அறையும் கிடைத்தது.

"அப்ப ஏற்றம் எப்ப மாஸ்டர்?"

"ஏற்றம் முடிஞ்சு போச்சேம்மா" என்றார் மாஸ்டர். "அடுத்த வாரம் ஆண்டுவிழா. உங்களுக்குச் சான்றிதழ்."

விழாவுக்கு நலத்துறைப் பெரிய அதிகாரி வந்தார். காஜாக்காவையும் டிரைவரையும் மேடையில் ஏற்றினார்கள். சான்றிதழ் கெட்டித் தாளில், குதிரைப் படத்தோடு இருந்தது. 'எவர் துணையுமின்றித் தனியாக ஏறுவார், ஓட்டுவார், இறங்குவார்' என்று படித்த காஜாக்கா அதை இன்னொரு தடவை படித்தாள்.

"சார், நான் ஏறவே இல்லையே" என்றாள் இயக்குநரிடம் மெதுவாக.

இயக்குநர் சிரித்தார். மேடையிலேயே பதிவேட்டை வரவழைத்தார். "இருநூத்திப் பன்னெண்டு தடவை இறங்கியிருக்கீங்கம்மா. தேதியோட இருக்கு, கையெழுத்தோட இருக்கு. ஏறாத ஆளு எப்படிம்மா இறங்க முடியும்?"

"என்னைத் தூக்கி மேஜைமேல வெச்சாங்க சார்."

"தூக்கி வெச்சதா ஒரு வரிகூட இதுல இல்லையே. அப்ப நீங்களா ஏறியிருக்கீங்கன்னுதானே அர்த்தம்? ஏறினதையும் இறங்கினதையும் கூட்டினா நடுவுல ஓட்டினது வந்துடுது. கணக்கு சரியாத்தான் இருக்கு. தன்னடக்கம் இருக்கலாம், இவ்வளவு கூடாது."

கூட்டம் கை தட்டியது. பெரிய அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நாட்டுல ஊனத்தை எப்படிக் குறைக்கறதுன்னு எல்லாரும் மண்டையை உடைச்சுக்கறாங்க. இந்த நிலையம் ஒரே வருஷத்துல ரெண்டு பேரைக் குறைச்சிருக்கு! குதிரையே ஓட்டறவங்களுக்குச் சக்கர நாற்காலி எதுக்கு? அது உண்மையிலேயே நடக்க முடியாத ஒரு ஜீவனுக்குப் போகட்டும். அதை இந்தச் சகோதரி இந்த மேடையிலேயே மனமுவந்து கொடுக்கறாங்க."

காஜாக்கா வாயைத் திறப்பதற்குள் இடப்பக்கம் நடப்பவரும் வலப்பக்கம் நடப்பவரும் பழகிய கையால் அவளை அக்குளில் தூக்கி, விழாவுக்கென்று கொண்டுவந்திருந்த வெல்வெட் நாற்காலியில் வைத்தார்கள். சக்கர நாற்காலி மேடையைவிட்டு உருண்டு போனது. டிரைவரின் வெள்ளைக் கோலையும் வாங்கிக்கொண்டார்கள். குதிரைக்குக் கண் இருக்கிறதல்லவா.

விழா முடிந்ததும் பந்தல்காரர்கள் வந்து வெல்வெட் நாற்காலியைக் கேட்டார்கள். அவளைத் தரையில் உட்கார வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். டிரைவர் காற்றில் கையைத் துழாவி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணான்னு எவனோ எனக்காகவே சொல்லி வெச்சிருக்கான் தங்கச்சி" என்றார். அன்றைக்கு மீசை மை கன்னத்தில் வழிந்திருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

அதன்பிறகு மறுபடியும் தம்பி முதுகுதான். காலையில் லோடு ஏற்றப் போகுமுன் அவளைக் கடையில் இறக்கிவிடுவான். வருவதற்கு நேரமானால் கடை சாத்திய பிறகும் அவள் வாசலில், சாத்திய ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். இரண்டு மாதத்தில் தம்பிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. முன்னெல்லாம் ஏழு நாளும் வேலைக்குப் போனவள் மூன்று நாள் போனாள். மீதி நாளுக்குக் கடைக்காரர் காஜா மெஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு நடக்கும்போது அவள் அவன் தோளைப் பிடித்தபடி நினைத்துக்கொள்வாள்: நடப்பது என்றால் இதுதான் போலிருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நாற்காலியைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டாள். பதில் வந்தது. மனுதாரர் நேரில் வரவேண்டும். இயக்குநர் அறைக்கு. பதினெட்டுப் படிக்கு மேலே.

தம்பி முதுகில் அவளோடு முதல் படியில் கால் வைத்தபோது வாட்ச்மேன் விசில் ஊதினார்.

"மேல ஆளை உக்கார வெச்சுக்கிட்டுப் போறதுன்னா இங்க அதுக்குப் பேரு சவாரி. சவாரிக்கு நீ பதிவேட்டுல இருக்கணும். லாடம் அடிச்சிருக்கா?"

"யோவ், நான் மனுசன்யா!"

"மனுசன்னா தனியாப் போ. அந்தம்மாவும் தனியா வரட்டும். தனியா ஏறுவாங்கன்னு நாங்கதானே எழுதிக் கொடுத்திருக்கோம்? ஆளு தூக்கிட்டு வந்தா எங்க சான்றிதழுக்கு என்ன மரியாதை?"

தம்பி கையை ஓங்கினான். காஜாக்கா அவன் தோளைத் தட்டினாள்.

"இறக்கி விடுடா. கேஸ் ஆக்கிடாத, அப்புறம் நாற்காலி வரவே வராது. நான் போய்க்கறேன்."

முதல் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கையை அடுத்த படியில் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, இடுப்பை மேலே வைத்தாள். பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒன்று. மறுபடியும் கை, உடம்பு, இடுப்பு, கால். இரண்டு. ஏழாவது படியில் உள்ளங்கை தோல் உரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு தடவை விழுந்த தோள், பத்தாவது படியில் கழன்றுவிடும்போல் வலித்தது.

அப்போது பக்கத்துச் சாய்வுப் பாதையில் ஒரு சத்தம் கேட்டது. வலப்பக்கம் நடப்பவர் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேலே போனார். நாற்காலியில் ஒரு கொள்ளு மூட்டை உட்கார்ந்திருந்தது. மூட்டைக்கு அடியில் மெத்தை. மூன்று மூலையில் சிவப்புக் காஜா. நாலாவது மூலை கடித்திருந்தது.

"அண்ணே, அது என் நாற்காலி!"

"ஐயாவோடதும்மா இது. மேல அவருக்குச் சாப்பாடு போகணும்ல. நடக்க முடியாத ஜீவன், பாவம்" என்றார் அவர், நிற்காமலேயே. வழவழப்பான ரப்பரில் நாற்காலி சத்தமில்லாமல் ஏறிப் போனது. நன்றாகத்தான் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் கை வழுக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

பதினெட்டாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோதுதான் கீழே பார்த்தாள். மைதானம் தெரிந்தது, அந்த மரமேஜை தெரிந்தது, தெருவில் போகிறவர்களின் தலைகள் தெரிந்தன. படியடியில் நின்ற தம்பியின் உச்சந்தலை தெரிந்தது. நடுவில் வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில், விசிலுக்குக் காத்திராமல் அவள் ஒருவரை மேலிருந்து நிதானமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவனுக்கு வயதாகிவிட்டது என்று அங்கிருந்து பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

பின்னால் கைதட்டல் கேட்டது. இயக்குநர், எழுதுகிறவர்கள், மூக்கில் கைக்குட்டையோடு மாஸ்டர், எல்லாரும் வராந்தாவில் நின்றிருந்தார்கள். திறந்திருந்த கதவு வழியாக ஐயாவும் கொள்ளு மென்றுகொண்டு பார்த்தார்.

"பார்த்தீங்களாய்யா!" இயக்குநருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "தனியா ஏறுவார்னு எழுதினோம். தனியா ஏறி வந்துட்டாங்க. எங்க சான்றிதழ் பொய் சொல்லும்னு இனிமே எவனாவது பேசட்டும். எழுதுங்கப்பா. மனுதாரர் எவர் துணையுமின்றிப் பதினெட்டுப் படி ஏறி நேரில் வந்தார். எனவே மனு தள்ளுபடி."

"சார்... ஏறாம கீழேயே இருந்திருந்தா?"

"நேரில் வரவில்லைன்னு தள்ளுபடி." அவர் கனிவாகத்தான் சொன்னார். "உங்களுக்கு ரெண்டு வழியும் தொறந்துதான்மா இருந்தது."

காஜாக்கா உரிந்த உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் கேட்க அவளிடம் ஒன்றுதான் இருந்தது.

"தம்பியை மட்டும் மேல விடச் சொல்லுங்க சார். என்னைத் தூக்கிக் கீழ கொண்டுபோவான். என்னால முடியல."

இயக்குநர் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? எட்டு மாசம் உங்களுக்கு அதைத்தானே கத்துக்கொடுத்தோம்?"

வராந்தாவில் எல்லாரும் ஒதுங்கிப் படிக்கு வழி விட்டார்கள். மாஸ்டர் பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, இருநூற்றுப் பதின்மூன்று என்று எழுதிக்கொண்டு, விசிலை வாயில் வைத்தார்.